பாயா, கேர்ளா? ஹேப்பி மீல் கவுண்டரில் கேட்கும் கேள்வியை மாற்றுவது எப்படி

காரில் இருந்தபடியே ஆர்டர் சொல்லி வாங்கும் டிரைவ்-துரூ வரிசையில் கார் மெல்ல நகர்ந்து மைக் பக்கம் நிற்கிறது. மெக்டொனால்ட்ஸ் கடையில் பொம்மையோடு பெட்டியில் வரும் பிள்ளைகள் சாப்பாடுதான் ஹேப்பி மீல். ஒரு ஹேப்பி மீல் என்று சொன்னதும் உள்ளேயிருந்து வரும் குரல் வரிசையாகக் கேட்கும்: நகெட்ஸா, பர்கரா? பாலா, ஜூஸா? பாயா, கேர்ளா, அதாவது ஆண் பிள்ளையா, பெண் பிள்ளையா? முதல் இரண்டும் சாப்பாட்டைப் பற்றிய கேள்விகள். மூன்றாவதும் அதே தொனியில்தான் வருகிறது. ஆனால் அது கேட்பது, பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்பதை. நாம் ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும், எந்தப் பொம்மை பெட்டிக்குள் போகும் என்பது முடிவாகிவிடும். பிள்ளை வாயே திறந்திருக்காது.

அந்த மூன்றாவது கேள்வியை மாற்றுவதற்கான வழிகாட்டி இது. அமெரிக்காவில் நடந்ததை வைத்தே எழுதியிருக்கிறோம். ஒரே நேரத்தில் இரண்டு வகைப் பொம்மை வைத்து விற்கும் எந்தத் துரித உணவுக் கடைக்கும் இது பொருந்தும். முதலில் பெற்றோர் ஆர்டர் சொல்வது, பிறகு ஊரிலுள்ள கிளைகளில் கணக்கெடுப்பது, அதை வைத்துக் கடிதம் எழுதுவது, கடைசியாகக் கடைக்குள் செய்ய வேண்டிய மாற்றம். கணக்கெடுப்புப் பகுதி நீளமாக இருக்கும். தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான்.

பெயர் ஒட்டினால் என்ன ஆகிறது

ஹேப்பி மீல் 1979-இல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தபோது, சர்க்கஸ் வண்டி போல அச்சடித்த பெட்டிக்குள் இருந்தவை சின்னச் சின்னப் பொருள்கள்: படம் வரையும் ஸ்டென்சில், மணிக்கட்டில் கட்டும் குட்டிப் பர்ஸ், பெயர் எழுதிப் போட்டுக்கொள்ளும் வளையம், புதிர்ப் பூட்டு, பம்பரம், அழிரப்பர். இதில் எது ஆணுக்கு, எது பெண்ணுக்கு என்று யாரும் கேட்கத் தேவைப்படவில்லை. பிறகு பொம்மை நிறுவனங்களின் பிரபலமான பெயர்கள் பெட்டிக்குள் வந்தன, பொம்மைகள் ஜோடி ஜோடியாகப் பிரிந்தன. 1990-களில் திரும்பத் திரும்ப வந்த ஜோடி பார்பியும் ஹாட் வீல்ஸும்.

அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்பி உள்ளங்கை உயரம். கால்கள் அடித்தட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். பலவற்றில் தலைமுடி மட்டும் நிஜ இழை, சீவிவிடலாம். மேசையில் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். ஹாட் வீல்ஸ் உலோக வார்ப்புக் கார், நான்கு சக்கரமும் சுழலும். ஒரு தள்ளு தள்ளினால் கெச்சப் பாக்கெட்டைத் தாண்டி மேசை விளிம்பு வரை ஓடும், கீழே விழும், எடுத்து மறுபடி ஓட்டலாம், எதிரில் இருக்கும் பிள்ளையோடு பந்தயம் விடலாம். ஒன்று நிற்கும் பொம்மை, இன்னொன்று ஓடும் பொம்மை. இதனால் பார்பி மட்டம், கார் உசத்தி என்று ஆகாது. முடி சீவுவதிலும், பெயர் வைத்துப் பேசவைப்பதிலும், தூங்கவைப்பதிலும் ஒரு பழக்கம் வருகிறது. அது ஆண் பிள்ளைக்குக் கிடைக்காமலே போகிறது. ஜூடித் பிளேக்மோர், ரெனே சென்டர்ஸ் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பெண் பிள்ளைக்கு என்று அழுத்தமாக ஒதுக்கப்படும் பொம்மைகள் தோற்றத்தையும் பராமரிப்பையும் வீட்டு வேலையையும் சுற்றியே இருக்கின்றன. ஆண் பிள்ளைக்கு என்று அழுத்தமாக ஒதுக்கப்படுபவை சண்டையையும் போட்டியையும் சுற்றி இருக்கின்றன. அறிவு வளர்ச்சிக்கு அதிகம் உதவும் பொம்மைகள் இந்த இரண்டு ஓரங்களிலும் இல்லை.

பொம்மையை விட முக்கியம் அதன் மேல் ஒட்டும் பெயர். மேரிலின் பிராட்பார்டும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. 4 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால், அவர்கள் அதற்கு முன் பார்த்திராத பொருள்களைப் பெட்டிகளில் வைத்தார்கள். ஒரு பெட்டி ஆண் பிள்ளைகளுக்கு, ஒன்று பெண் பிள்ளைகளுக்கு, ஒன்று இருவருக்கும் என்று பெயர். மற்றவருக்கு என்று பெயர் போட்ட பொருளைப் பிள்ளைகள் குறைவாகவே தொட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அந்தப் பொருளைப் பற்றிய விவரமும் குறைவாகவே நினைவிருந்தது. நினைவு வைத்திருந்தால் பரிசு என்று சொல்லியும் வித்தியாசம் மாறவில்லை. பொருள் என்னவோ புதுசு, அதற்கு ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. ஒட்டிய பெயரே பிள்ளையின் கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. கவுண்டரில் கேட்கும் கேள்வியும் அப்படி ஒட்டப்படும் ஒரு பெயர்தான். அதனால்தான் பொம்மை நிறுவனம் மாறும்வரை காத்திருக்காமல், முதலில் அந்தக் கேள்வியைப் பிடிக்கச் சொல்கிறோம். அதை மாற்றச் செலவும் இல்லை.

ஆர்டர் சொல்லும்போது

கவுண்டரில் பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டியிலோ சுவரில் ஒட்டிய அட்டையிலோ அந்த மாதத்துப் பொம்மைகள் எல்லாம் இருக்கும். வரிசையில் நிற்கும்போதே பிள்ளையைத் தூக்கி அதைக் காட்டுங்கள். இரண்டு வகையையும் காட்டுங்கள். இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் அண்ணனுக்கு என்று நீங்களே பிரித்துவிடாதீர்கள். டிரைவ்-துரூவில் பொம்மை கண்ணில் படாது, அதனால் கிளம்பும் முன்பே கடையின் செயலியிலோ இணையதளத்திலோ படத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஆர்டர் சொல்லும்போது பொம்மையின் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது: ஒரு ஹேப்பி மீல், நகெட்ஸ், பால், பொம்மை அந்தக் கார். இப்படி ஒரே மூச்சில் சொன்னால் மூன்றாவது கேள்வி வருவதற்கு இடமே இருக்காது. பழக்கதோஷத்தில் அப்படியும் பாயா, கேர்ளா என்று கேட்டால், கார் என்று மட்டும் பதில் சொல்லுங்கள். பொம்மையின் பெயர் தெரியாவிட்டால், என்னென்ன இருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். பெண் பிள்ளைதான், ஆனால் பாய் டாய் கொடுங்கள் என்று சொல்வது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. பொம்மை கைக்கு வந்துவிடும், ஆனால் இது உனக்கானது இல்லை, கேட்டு வாங்கியது என்ற சேதியும் கூடவே வரும்.

கடைக்காரர் பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு 3 வயது ஆகிவிட்டதா? 3 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மையில், கழன்று தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சின்னப் பாகங்கள் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் சட்டம். ஜோடிப் பொம்மைகள் பெரும்பாலும் 3 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. சின்னக் குழந்தைகளுக்குத் தனிப் பொம்மை இருக்கிறதா என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். ஆணா பெண்ணா என்று மறக்காமல் கேட்கும் இடத்தில் இந்தக் கேள்வி விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது.

கடைக்குள் நாமே தொட்டு ஆர்டர் போடும் கியோஸ்க் திரையிலும் செயலியிலும் இரண்டு மாதிரி இருக்கும். பொம்மையைத் தேர்ந்தெடுக்கும் திரை இருந்தால் வேலை சுலபம். அப்படி ஒரு திரையே இல்லாவிட்டால், உள்ளே பெட்டி கட்டும் ஊழியர் முடிவு செய்கிறார் என்று அர்த்தம். ஆர்டர் எண்ணைக் கூப்பிட்டதும், பெட்டியைக் கையில் வாங்கும் முன்பு பொம்மையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ரசீதையும் பாருங்கள். சில சமயம் பொம்மைக்கான வரி ரசீதில் அச்சாகியிருக்கும். அதில் என்ன சொல் இருக்கிறது என்பது பிறகு உதவும்.

மாற்றிக் கேட்பதாக இருந்தால் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் கேட்க வேண்டும். உறை கிழிந்த பொம்மையைத் திரும்ப வாங்க முடியாது என்று அவர்கள் சொன்னால் அது நியாயம்தான்.

ஆண் பிள்ளை பார்பி கேட்கும்போது கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். லெகோ பொம்மை நிறுவனத்துக்காக, ஊடகங்களில் பாலினச் சித்தரிப்பை ஆராயும் ஜீனா டேவிஸ் நிலையம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், மற்றவருக்கு உரியது என்று கருதப்படும் பொம்மையோடு விளையாடினால் கேலி செய்வார்களோ என்று பயந்த ஆண் பிள்ளைகள் 71 சதவீதம், பெண் பிள்ளைகள் 42 சதவீதம். அதனால் ஆண் பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுக்கும்போது கடையில் அதை ஒரு பேச்சாக்க வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். எதிர்த்திசையிலும் இதே எச்சரிக்கை: பார்பிதான் வேண்டும் என்கிற மகளிடம் காரைத் திணிப்பதும் பிள்ளையைக் கேட்காமல் எடுக்கும் முடிவுதான். வீட்டுக்கு வந்ததும், பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் காரு என்று பாட்டி கேட்டால், அவளே எடுத்தா பாட்டி என்று பிள்ளை காதுபடச் சொன்னால் போதும்.

ஊர்க் கிளைகளில் கணக்கெடுப்பது

ஒரு கடையில் ஒரு தடவை நடந்ததைச் சொன்னால், அது ஒரு ஊழியரின் தவறு என்று பதில் வரும். அது தெரிந்த கதை. கனெக்டிகட் மாநிலத்தில் 11 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி 2008-இல் மெக்டொனால்ட்ஸ் தலைமை அதிகாரிக்குக் கடிதம் எழுதினாள். ஊழியர்களுக்கு அப்படிக் கேட்கச் சொல்லித் தருவதில்லை, உங்களுக்கு நடந்தது வழக்கமானது இல்லை என்று பதில் வந்தது. அவளும் அவள் தந்தையும் பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட கிளைகளுக்குப் போய்க் குறித்தார்கள். 79 சதவீதத்துக்கும் மேற்பட்ட தடவை ஊழியர்கள் பொம்மையை ஆண், பெண் என்று சொல்லியே பேசினார்கள். தந்தையும் மகளும் மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள், ஆணையம் தள்ளுபடி செய்தது. 2013 கோடையில் மறுபடி, இன்னும் கறாராகக் கணக்கெடுத்தார்கள். 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளை 15 கிளைகளுக்குத் தனித்தனியே கவுண்டருக்கு அனுப்பினார்கள். அப்போது இருந்த ஜோடி, ஜஸ்டிஸ் என்ற ஆடை நிறுவனத்தின் ஃபேஷன் பொம்மையும் பவர் ரேஞ்சர்ஸும். 92.9 சதவீதத் தடவை ஊழியர்கள் ஒன்றுமே கேட்காமல், பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துப் பொம்மையைக் கொடுத்தார்கள். உறை பிரிக்காமல் திரும்பிப் போய் மாற்றிக் கேட்டபோது 42.8 சதவீதக் கிளைகள் மறுத்தன. இந்த முறை தலைமை அலுவலகத்திலிருந்து 2013 டிசம்பர் 17 தேதியிட்ட கடிதம் வந்தது: வாடிக்கையாளர் விரும்பும் பொம்மையை, ஆண், பெண் என்ற வகைப்பாடு இல்லாமலும் வாடிக்கையாளரின் பாலினத்தைக் குறிப்பிடாமலும் தருவதே நோக்கம், உள் வழிகாட்டல்களைத் திருத்துகிறோம் என்று அதில் இருந்தது.

முதல் பதிலுக்கும் இரண்டாவது பதிலுக்கும் நடுவில் அவர்களிடம் கூடுதலாக இருந்தது கறாரான கணக்கு. அதை நீங்கள் எடுப்பது எப்படி என்று இனிப் பார்ப்போம்.

எப்போது எடுப்பது: இரண்டு வகைப் பொம்மை ஒரே நேரத்தில் ஓடும் மாதத்தில் மட்டும். ஒரு திரைப்படத்தையொட்டி ஒரே வரிசைப் பொம்மை கொடுக்கும் மாதத்தில் அளக்க ஒன்றும் இல்லை. ஒரு பொம்மை வரிசை சில வாரங்கள்தான் இருக்கும். அதனால் முழுக் கணக்கையும் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். வரிசையின் கடைசி வாரத்தைத் தவிர்க்கவும். ஒரு வகை தீர்ந்துபோயிருக்கும், இருப்பதைக் கொடுத்தேன் என்பது உண்மையாகவே காரணமாக இருக்கும்.

எத்தனை கிளை, எத்தனை பிள்ளை: 12 கிளை, 3 ஜோடிப் பிள்ளைகள் போதும். ஒரு ஜோடி என்பது ஏறக்குறைய ஒரே வயதுள்ள ஒரு பெண் பிள்ளை, ஒரு ஆண் பிள்ளை. ஒரு ஜோடிக்கு ஒரு நாளில் 2 கிளைக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்து, சொல்ல வேண்டியதை மாற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். 3 ஜோடி, ஜோடிக்கு 2 கிளை, இரண்டு சனிக்கிழமை. 24 ஹேப்பி மீல் ஆகும். அதைத் தின்பதற்கும் ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடை: இரண்டு பேருக்கும் ஒரே நிற, படம் இல்லாத டி-சர்ட். இளவரசிப் படம் போட்ட சட்டையோடு போனால், அவள் சட்டையைப் பார்த்துக் கொடுத்தோம் என்ற பதிலுக்கு வழி விட்டதாகிவிடும்.

பேசும் வாக்கியம்: எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். உணவு, பானம் இரண்டையும் முன்கூட்டியே முடிவு செய்து, ஒரு நகெட்ஸ் ஹேப்பி மீல், பாலோடு என்று முடித்துவிட வேண்டும். பொம்மையைப் பற்றி அவர்களாக வாய் திறக்கக் கூடாது. பாயா, கேர்ளா என்று கேட்டால், எதுவானாலும் சரி என்பதே பதில். வீட்டில் நாலைந்து தடவை சொல்லிப் பழக்குங்கள். கூடவே வரும் பெரியவர் கண்ணில் படும் தூரத்தில் ஒரு மேசையில் உட்கார வேண்டும், வரிசையில் நிற்கக் கூடாது. பெரியவர் பக்கத்தில் இருந்தால் ஊழியர் பிள்ளையை விட்டு அவரைப் பார்த்துத்தான் பேசுவார், கணக்கு கெட்டுவிடும்.

முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் 10 நிமிடம் இடைவெளி. எந்தப் பிள்ளை முதலில் போவது என்பதைக் கிளைக்குக் கிளை மாற்றுங்கள்.

மாற்றிக் கேட்பது: பெட்டி கைக்கு வந்ததும் திறந்து பார்க்கலாம், பொம்மையின் உறையைப் பிரிக்கக் கூடாது. உடனே அதே கவுண்டருக்குத் திரும்பி, இதுக்குப் பதிலா இன்னொரு வகை கிடைக்குமா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். மறுத்தால் வாதாட வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். இந்த இடத்தில் பிள்ளைகள் தயங்குவார்கள், குறிப்பாக ஆண் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் அந்தப் படியை விட்டுவிட்டு, கேட்கவில்லை என்று தாளில் குறியுங்கள். கணக்குக்காகப் பிள்ளையைக் கூச்சத்தில் தள்ளக் கூடாது.

இரண்டு பிள்ளைகளும் முடித்த பிறகு பெரியவர் கவுண்டருக்குப் போய், இரண்டு வகையும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முன்னாலேயே கேட்டால் ஊழியர் உஷாராகிவிடுவார். ஒரு வகைதான் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கிளையின் இரண்டு வருகையையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் ஜோடி உடைந்துவிடும்.

தாளில் குறிக்க வேண்டியவை: கிளை, தேதி, நேரம், பிள்ளை ஆணா பெண்ணா, ஓடும் இரண்டு பொம்மைகள், ஊழியர் சொன்ன வாக்கியம் சொல் மாறாமல், கொடுத்த பொம்மை, மாற்றிக் கேட்டதற்கு வந்த பதில். வாக்கியத்தைச் சொல் மாறாமல் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாய் டாயா கேர்ள் டாயா, இது பையனுக்கா பொண்ணுக்கா, பார்பியா காரா ஆகிய மூன்றும் காதில் ஒரே மாதிரி கடந்துபோகும். முதலாவது பொம்மைக்குப் பெயர் ஒட்டுகிறது, இரண்டாவது பிள்ளைக்கு ஒட்டுகிறது, மூன்றாவதுதான் சரியான கேள்வி. மேசைக்கு வந்த இரண்டு நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஊழியரின் பெயரை எழுத வேண்டாம். ஒலிப்பதிவும் வேண்டாம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் தனிப்பட்ட உரையாடலை மற்றவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் பள்ளியோ கல்லூரியோ படித்துக்கொண்டு வேலை பார்க்கும் பிள்ளை. அவருக்குப் பழக்கிய வார்த்தையை அவர் சொல்கிறார். நாம் கேட்பது அந்தப் பழக்கத்தைப் பற்றி.

கவுண்டரையும் டிரைவ்-துரூவையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். டிரைவ்-துரூவில் ஊழியருக்குப் பிள்ளை தெரியாது, அதனால் கேட்டே ஆக வேண்டும். கவுண்டரில் கண்ணெதிரே நிற்பதால் கேட்காமலே கொடுத்துவிடுகிறார். கேள்வி வரவில்லை என்பதற்காகக் கவுண்டர் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கே கேள்வி மனசுக்குள் நடந்து முடிந்துவிட்டது.

இனிக் கூட்டல். உதாரணத்துக்கு 12 கிளையில் 2 கிளையில் ஒரு வகைதான் இருந்தது என்று வையுங்கள். மீதி 10 கிளை, 20 வருகை. அதில் கேட்காமலே கொடுத்தது 16, பாயா கேர்ளா என்று கேட்டது 3, பொம்மையின் பெயரைச் சொல்லிக் கேட்டது 1. கேட்காமல் கொடுத்த 16-இல் பிள்ளையின் பாலினத்துக்கு ஏற்ப ஒதுக்கிய பொம்மை 15. ஊழியர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்திருந்தால் இந்த எண் 8-ஐ ஒட்டி இருந்திருக்கும். 15 என்பது தற்செயல் இல்லை என்பதை இந்த ஒப்பீடு எல்லோருக்கும் புரியவைக்கும். மாற்றிக் கேட்ட 15 தடவையில் உடனே மாற்றியது 9, மேலாளரைக் கூப்பிட்டு மாற்றியது 2, மறுத்தது 4. கடிதத்தில் எண்ணிக்கையாகவே எழுதுங்கள், 20-க்கு 15 என்று. இவ்வளவு சின்னக் கணக்கில் ஒரு வருகை மாறினாலே 5 சதவீதம் மாறிவிடும், அதனால் தசமப் புள்ளி வரை போவது பொருத்தமில்லை.

கடிதம்

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கிளைகளில் ஏறக்குறைய 95 சதவீதம் உரிமம் எடுத்த தனி முதலாளிகள் நடத்துவது. தலைமை அலுவலகத்தில் கொள்கை மாறிவிட்டாலும் அது உங்கள் தெருமுனைக் கிளையின் கல்லா வரை வந்து சேர்ந்திருக்கும் என்று நம்ப முடியாததற்கு இது ஒரு காரணம். எனவே முதல் கடிதம் கிளை முதலாளிக்கு. ஒரே ஆள் பக்கத்து ஊர்களில் நாலைந்து கிளை வைத்திருப்பது சகஜம், ஒரு கடிதத்தில் பல கடைகள் மாறும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் நகலோடு தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் கணக்கு. இரண்டாவதில் சொல் மாறாமல் எழுதிய இரண்டு மூன்று வாக்கியங்கள். மூன்றாவதில் நிறுவனமே 2013-இல் அறிவித்த நோக்கம். வெளியாள் ஒருவர் சொல்வதை விட அவர்கள் சொன்னதை அவர்களுக்கே நினைவூட்டுவது வேலை செய்யும். நான்காவதில் கோரிக்கை: பொம்மையைப் பெயர் சொல்லிக் கேட்பது, கல்லாத் திரையில் பொம்மைப் பொத்தானுக்குப் பாய், கேர்ள் என்று பெயர் இருந்தால் அதை மாற்றுவது, உறை பிரிக்காத பொம்மையைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவது. பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்கிறீர்கள் என்பது போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். அந்த வரிக்குத்தான் பதில் எழுதுவார்கள், கணக்குக்கு எழுத மாட்டார்கள்.

சட்டத்தை மேற்கோள் காட்டும்போது கவனம். கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தை இதற்குக் காட்டுவது பொருந்தாது. அது மாநிலத்திலுள்ள கிளைகளில் மொத்தம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பெரிய பல்பொருள் அங்காடிகளுக்கு, பாலினப் பாகுபாடு இல்லாத பொம்மைப் பகுதி ஒன்று வைக்க வேண்டும் என்கிறது. உணவகக் கல்லாவைத் தொடாது. பிரிட்டனில் 2019 ஜூன் 14 முதல் இருக்கும் பாலின முன்முடிவு விதியும் விளம்பரங்களுக்குத்தான். இந்தப் பொம்மை பையன்களுக்கு ஆகாது என்று சொல்லும் விளம்பரம் வந்தால் அந்த விதியின் கீழ் புகார் கொடுக்கலாம், கவுண்டரில் ஊழியர் பேசியதற்குக் கொடுக்க முடியாது. பொருந்தாத சட்டத்தை ஒரு தடவை சொல்லிவிட்டால் பொருந்தும் கணக்கையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள்.

கடை நடத்துகிறவர்களுக்கு

ஊழியர்கள் ஏன் பாய், கேர்ள் என்கிறார்கள்? சுருக்கமாக இருக்கிறது, எப்போதும் மாறுவதில்லை. பொம்மை சில வாரத்துக்கு ஒரு தடவை மாறுகிறது, புதுப் பெயர் வாயில் நுழைவதில்லை. பின்னால் வண்டிகள் நிற்கின்றன. அதனால் அப்படிச் சொல்லாதே என்று கூட்டத்தில் சொன்னால் மட்டும் போதாது, அதே அளவு சுருக்கமான வேறு சொல்லைக் கையில் கொடுக்க வேண்டும். புது வரிசை வரும் நாளில் இரண்டு பொம்மைக்கும் ஒற்றைச் சொல்லாகப் பெயர் வையுங்கள்: கார், குதிரை. அதை உள்ளங்கை அளவு அட்டையில் எழுதி, கல்லாவிலும் டிரைவ்-துரூ ஹெட்செட் ஆள் நிற்கும் இடத்திலும் ஒட்டுங்கள். கல்லாத் திரையில் பொம்மைப் பொத்தானின் பெயர் பாய், கேர்ள் என்று இருந்தால் அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாறும்வரை பொத்தான்களை 1, 2 என்று நினைத்துக்கொள்ளும்படி அட்டையிலும் 1 கார், 2 குதிரை என்று எண் போடுங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் இடம் பின்னால் இருக்கிறது. பெட்டி கட்டும் மேடைக்குக் கீழே பொம்மைப் பைகள் இரண்டு கூடைகளில் கிடக்கும். அந்தக் கூடைகளில் என்றோ ஒட்டிய பழைய சீட்டு இருந்தால், முன்னால் நிற்பவர் கார் என்று சொன்னாலும் பின்னால் இருப்பவர் ஒரு பாய் என்று கத்துவார். இரண்டே நாளில் முன்னாலும் பழைய சொல் திரும்பிவிடும். அதனால் முதலில் கூடைச் சீட்டு, பிறகு பொத்தான், கடைசியாகப் பேச்சு என்ற வரிசையில் மாற்றுங்கள்.

எதுவானாலும் சரி என்று வாடிக்கையாளர் சொன்னால் எதைக் கொடுப்பது என்பதற்கும் விதி வேண்டும், இல்லாவிட்டால் கண் பழைய வேலையைச் செய்யும். எந்தக் கூடையில் அதிகம் இருக்கிறதோ அதிலிருந்து எடுப்பது சுலபமான விதி, சரக்கும் சமமாகத் தீரும். மாற்றிக் கேட்டால் மேலாளரைக் கூப்பிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். மேலாளர் வந்து நிற்கும் அந்த அரை நிமிடத்தில் ஒரு 7 வயதுப் பையன், எனக்கு வேணாம்மா என்று திரும்பிப் போய்விடுவான்.

மாற்றிய ஒரு வாரம் கழித்து, கூட்டம் அதிகமுள்ள மதிய நேரத்தில் பத்து ஹேப்பி மீல் ஆர்டர்களைத் தள்ளி நின்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள். கணக்கெடுத்த பெற்றோர்களும் அடுத்த ஜோடிப் பொம்மை வரிசை தொடங்கும் வாரத்தில் அதே கிளைகளுக்கு மறுபடி போக வேண்டும், முதல் மூன்று நாளுக்குள். புதுப் பெயர்கள் இன்னும் பழகாத அந்த நாட்களில்தான் பழைய சொல் முதலில் வாய்க்கு வரும்.